அறுவை மருத்துவ அறிஞர் குஸ்தாவ் சைமன்

அறிஞர் ஒருவர் எழுதிய நூல்கள் எத்தனை என்று எண்ணுதல் எளிது. அந்நூல்கள் எத்தனை கைகளுக்கு வழிகாட்டின, எத்தனை உயிர்களைக் காத்தன என்று அளத்தல் அரிது. ஏடுகளை மலைபோல் எழுதிக் குவித்தும் மறக்கப்பட்டோர் உளர். சில நூல்களே எழுதியும், பின்வந்தோர் யாவரும் தம் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகக் கொள்ளும் பெருமை பெற்றோரும் உளர். இவ்விரண்டாம் வகையினருள் வைத்து எண்ணத்தக்கவர் ஜெர்மானிய நாட்டு அறுவை மருத்துவப் பேராசிரியர் குஸ்தாவ் சைமன். மனிதன் ஒரே சிறுநீரகத்துடன் உயிர்வாழ இயலும் என்னும் உண்மையை ஆராய்ந்து தெளிந்து, துணிந்து செய்து காட்டி, செய்ததனை ஒளிக்காது எழுதி வைத்தவர் அவர்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியில் ஹெஸ்ஸே நாட்டின் தலைநகராய் விளங்கிய டார்ம்ஷ்டாட் நகரில், 1824ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் சைமன் பிறந்தார். அவர் கீசன், ஹைடல்பர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்று, 1848ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்த் தம் தாய்நாட்டுப் படையில் மருத்துவராக அமர்ந்தார். அப்பணியில் அவர் 1861ஆம் ஆண்டுவரை இருந்தார்.

படை மருத்துவர்க்கு வாய்க்கும் முதல் ஆசான் போர்க்களப் புண்ணே. குண்டு துளைத்த உடல்களைக் கண்டும், அவை ஆறும் வகையையும் ஆறாத வகையையும் குறித்தும் வந்த சைமன், 1851ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குண்டுப் புண்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு அகவை 27. கண்டதனை அன்றே குறித்தல், குறித்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல், பார்த்துத் தெளிந்ததனைப் பிறர்க்கு வழங்குதல் என்னும் மூன்று பழக்கங்களும் அவரிடம் அவ்விளமையிலேயே வேரூன்றிவிட்டன.

கைவிடப்பட்டோர்க்குக் கைகொடுத்தல்

அந்நாளில் மகப்பேற்றின்போது நேரும் புண்ணால் பெண்டிர் சிலர்க்குச் சிறுநீர்ப்பையில் துளை ஏற்படுவதுண்டு. துளை வழியே சிறுநீர் இடைவிடாது கசியும். உடை என்றும் ஈரமாய் இருக்கும், தோல் புண்படும், தீநாற்றம் வீசும். அப்பெண்டிர் உற்றாராலும் ஒதுக்கப்பட்டு மூலையில் முடங்கி வாழ்ந்தனர். அந்நோயைத் தீர்த்தல் அரிது என்றே மருத்துவர் பலர் எண்ணியிருந்தனர். பாரிசு நகரில் ஜோபர் என்னும் அறுவை மருத்துவர் அத்துளையைத் தைத்து மூடும் முறையைக் கையாண்டு வந்தார். சைமன் அந்நகருக்குச் சென்று, அம்முறையைக் கண்டு கற்றார். தாயகம் திரும்பியதும், நண்பர்களாகிய மருத்துவர் சிலருடன் கூடிச் சிறிய மருத்துவமனை ஒன்றை நிறுவி, அம்முறையைத் தாமே திருத்தி வளர்த்தார். அதனைப் பற்றி 1854ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் அவர்தம் பெயரைப் பல நகரங்களில் பரப்பியது.

இதன் பயனாக, படை மருத்துவராய் இருந்த சைமன் 1861ஆம் ஆண்டில் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆனார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1867இல், தாம் மாணவராய்ப் பயின்ற ஹைடல்பர்க் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவர்தம் புகழை நிலைநிறுத்திய அருஞ்செயல் அங்கேயே நிகழ்ந்தது.

சிறுநீரகங்களின் பணி

அச்செயலின் அருமையை உணரச் சிறுநீரகங்களின் பணியை அறிதல் வேண்டும். முதுகெலும்பின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறுநீரகங்கள் உள்ளன. அவை அவரை விதை போன்ற வடிவின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுடையது. குருதி அவற்றினூடே பாயும்போது, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் வடிக்கப்படுகிறது. உடலுக்கு வேண்டிய நீரும் உப்பும் மீண்டும் குருதியிற் சேர, எஞ்சிய கழிவே சிறுநீராகிறது. அது சிறுநீர்க்குழாய் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. இப்பணி நின்றால் கழிவு குருதியிலேயே தங்கி நஞ்சாகும்; உயிர் நில்லாது.

பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் மட்டும் உடையோர் உண்டு என்பதையும், நோயால் ஒன்று மெல்ல மெல்ல அழிந்த பின்னும் வாழ்ந்தோர் உண்டு என்பதையும் அக்கால மருத்துவர் அறிந்திருந்தனர். ஆயின் அவர்களுடைய உடல் அந்நிலைக்குப் பழகிக்கொள்ளக் காலம் பெற்றிருந்தது. நேற்றுவரை இரண்டு செய்த வேலையை, இன்று திடுமென ஒன்றே ஏற்குமாயின் அது தாங்குமா? தாங்காது தளர்ந்து, ஆளையும் மாய்த்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை கூறுவார் இல்லை. 1861ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஒருவர், வேறு உறுப்பில் தோன்றிய கட்டி எனக் கருதி அறுத்துச் சிறுநீரகத்தை எடுத்ததுண்டு. அந்நோயாளி சில நாள்களில் இறந்தார். சிறுநீரகம் என்று தெரிந்தே, முன்னமே திட்டமிட்டு அதனை எடுக்க எவரும் துணிந்திலர்.

வாயில் தேடி வந்த வினா

46 அகவையுடைய பெண்மணி ஒருவர் சைமனிடம் வந்தார். முன்னர், சூற்பையில் தோன்றிய கட்டியை அகற்றும்பொருட்டு அவருக்கு அறுவை செய்யப்பட்டிருந்தது. அப்போது இடப்பக்கச் சிறுநீர்க்குழாய் காயமுற்று அறுந்துவிட்டது. ஆகவே, இடப்பக்கச் சிறுநீரகத்தின் நீர் சிறுநீர்ப்பையை அடையாமல், வயிற்றிலே ஏற்பட்ட துளை வழியே இரவும் பகலும் வெளியே ஒழுகியது. உயிர் இருந்தும் வாழ்வு இல்லை என்னும் நிலையில் அவர் இருந்தார்.

சைமன் தமக்குக் கைவந்த கலையால் அத்துளையை மூட முயன்றார். ஒருமுறை அன்று, பலமுறை முயன்றார். ஒவ்வொரு முறையும் தோல்வியே நேர்ந்தது. மேலும் செய்யத்தக்கது ஒன்றே எஞ்சியது. ஊற்றை அடைத்தால் ஒழுக்கு நிற்கும். அஃதாவது, இடப்பக்கச் சிறுநீரகத்தையே எடுத்துவிடுதல். அச்சிறுநீரகமோ நோயுற்றதன்று. நன்றாய் இயங்கும் உறுப்பொன்றை எடுப்பது அறமாகுமா? எடுத்தபின் அப்பெண்மணி இறப்பின், பழி யாரைச் சாரும்? எடுக்காது விடின், அவர்தம் துன்பத்துக்கு முடிவுதான் ஏது? இவ்வினாக்கள் பேராசிரியரின் உள்ளத்தை வருத்தின.

ஆராய்ச்சி

துணிவு வேறு, துடுக்கு வேறு. ஆராயாது செய்வது துடுக்கு. ஆராய்ந்து தெளிந்து, அதன்பின் அஞ்சாது செய்வதே துணிவு. சைமன் கத்தியை எடுக்குமுன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

முதற்கண், நாய்களிடத்து ஒரு சிறுநீரகத்தை எடுத்து, பின் நிகழ்வனவற்றை நாள்தோறும் கவனித்தார். அறுவையின் இன்னலைக் கடந்த நாய்கள், எஞ்சிய ஒரே சிறுநீரகத்துடன் நலமாய் வாழ்ந்தன. அச்சிறுநீரகம் நாளடைவில் பருத்து, இரண்டின் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டதை அவர் கண்டார். இருவர் சுமந்த சுமையை ஒருவர் சுமக்க நேரின் அவர் தோள் வலுப்பெறுதல் போன்றது இது.

அடுத்து, இறந்தோர் உடலில் அறுவைப் பயிற்சி செய்து, சிறுநீரகத்தை அடைவதற்கு ஏற்ற வழியைத் தேடினார். வயிற்றின் முன்புறத்தைத் திறந்தால், குடல் முதலியவற்றைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வையும் திறக்க வேண்டும். அக்காலத்தில் அச்சவ்வில் அழற்சி தோன்றின் சாவு பெரும்பாலும் உறுதி. ஆகவே முதுகுப்புறத்தில், கடைவிலாவின் பக்கமாகக் கீறி, அச்சவ்வைத் தீண்டாமலே சிறுநீரகத்தை அடையும் வழியை அவர் தேர்ந்தார்.

மற்றுமொரு செய்தியும் அவருக்குத் துணைநின்றது. உடலுக்குள் ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ் கதிர்கள் அந்நாளில் இல்லை. அவை 1895ஆம் ஆண்டிலேதான் கண்டுபிடிக்கப்பட்டன. வலப்பக்கச் சிறுநீரகம் நலமாய் உள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? அப்பெண்மணியின் துன்பமே அதற்கு வழிகாட்டியது. இடப்பக்கத்து நீர் வயிற்றுத் துளை வழியே சென்றமையால், சிறுநீர்ப்பையிற் சேர்ந்தது முழுதும் வலப்பக்கச் சிறுநீரகத்தின் நீரே. அதனை ஆராய்ந்தால் அச்சிறுநீரகத்தின் நலம் விளங்கும். நோயையே சான்றாகக் கொள்ளும் கூர்மையான அறிவு இஃது.

1869ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள்

ஆராய்ச்சி முடிந்தது, நாளும் குறிக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள், ஹைடல்பர்க் மருத்துவமனையில் அப்பெண்மணிக்குக் குளோரோபாரம் கொடுத்து மயக்கம் உண்டாக்கினர். சைமன் முன்னரே தேர்ந்த வழியில் முதுகுப்புறத்தைக் கீறினார், தசைகளை விலக்கினார், கொழுப்பினுள் புதைந்திருந்த சிறுநீரகத்தைக் கையால் மெல்லப் பிரித்தார், அதற்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களை இறுகக் கட்டினார், பின் அறுத்தெடுத்தார். எல்லாம் ஏறத்தாழ 40 நிமிடங்களில் நிறைவேறின. வெளிப்பட்ட குருதி மிகச் சிறிதே.

ஆயினும் அறுவை முடிந்ததும் அச்சம் முடிந்துவிடவில்லை. நுண்ணுயிர்களைக் கொன்று புண்ணைக் காக்கும் முறையை பிரிட்டனில் லிஸ்டர் என்னும் அறிஞர் 1867ஆம் ஆண்டிலேதான் வெளியிட்டிருந்தார்; அஃது இன்னும் எங்கும் பரவவில்லை. அப்பெண்மணிக்குப் புண் சீழ்கொண்டது, காய்ச்சல் கண்டது, வாந்தியும் உண்டாயிற்று. கழிவு குருதியில் தங்கிவிட்டதோ என்னும் ஐயம் எழக்கூடிய நாள்கள் அவை. எஞ்சிய சிறுநீரகமோ தன் கடமையில் தவறவில்லை. சிறுநீர் செவ்வனே வெளியேறியது. புண்ணும் மெல்ல ஆறியது. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின், அப்பெண்மணி நலம்பெற்று மருத்துவமனையினின்றும் விடைபெற்றார். ஒழுக்கு நின்றது, அவர் மீண்டும் மனிதரோடு மனிதராய் வாழும் பேறு பெற்றார்.

எழுதிவைத்த அறம்

இவ்வெற்றியைத் தம் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே வைத்திருப்பின், அஃது ஒருவர் உயிரைக் காத்த நற்செயலாய் மட்டும் நின்றிருக்கும். சைமன் அதனை உலகின் பொதுச்சொத்தாக்க விரும்பினார். 1870ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ் ஒன்றில் அறுவையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு பிரான்சுக்கும் ஜெர்மானியர்க்கும் போர் மூண்டது. பாடன் நாட்டுப் படை மருத்துவமனைகளை மேற்பார்க்கும் பெரும்பொறுப்பு சைமனைச் சார்ந்தது. அத்தகைய நெருக்கடியிடையேயும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. சிறுநீரக அறுவை மருத்துவம் பற்றிய அவருடைய நூலின் முதற்பகுதி 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வெற்றியைப் பறைசாற்றும் நூலன்று அது. தாம் அறுவையை மேற்கொண்ட காரணம், விலங்குகளிடத்துச் செய்த ஆராய்ச்சி, கீறிய முறை, பின்னர் நேர்ந்த இடர்கள் ஆகியவற்றை எல்லாம் பிறர் பின்பற்றும் வண்ணமும், பிழை காணின் திருத்தும் வண்ணமும் அவர் விளக்கினார்.

அவ்வாண்டிலேயே, சிறுநீரகத்திற் கல் தோன்றி வருந்திய மற்றொருவருக்கு அவர் அதே அறுவையைச் செய்தார். இம்முறை வெற்றி கிட்டவில்லை, அந்நோயாளி இறந்தார். அத்தோல்வி மறைக்கப்படவில்லை, முதல் வெற்றியோடு சேர்ந்து அதுவும் மருத்துவ வரலாற்றின் கணக்கில் ஏறியது. வெற்றியை மட்டும் எழுதுவோன் தன் புகழை வளர்ப்பான். தோல்வியையும் எழுதுவோனே அறிவை வளர்ப்பான்.

1872ஆம் ஆண்டில், லாங்கன்பெக், வோல்க்மன் என்னும் அறிஞர் இருவருடன் சேர்ந்து, ஜெர்மானிய அறுவை மருத்துவர் கழகத்தை அவர் தோற்றுவித்தார். சிறுநீர்க்குழாயினுள் மெல்லிய குழலைச் செலுத்தி, ஒவ்வொரு சிறுநீரகத்தின் நீரையும் தனித்தனியே பெறும் முறையையும் ஆராய்ந்தார். அப்பெண்மணியிடம் தற்செயலாய் வாய்த்த சான்றினை, எல்லா நோயாளரிடத்தும் முயன்று பெறும் வழி இதுவே. சிறுநீரக நூலின் இரண்டாம் பகுதி 1876ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நெஞ்சிலுள்ள பெருந்தமனி வீங்கிய நோயால், தம் 52ஆம் அகவையில் சைமன் மறைந்தார்.

வழிவழி வந்த பயன்

சைமன் மறைந்தார், அவர் திறந்த வழி மூடப்படவில்லை. அவர்தம் அறுவைக்கு அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் கில்மோர் என்னும் மருத்துவர் திட்டமிட்டுச் சிறுநீரகம் ஒன்றை எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். ஜெர்மனியிலும் பிறநாடுகளிலும் மருத்துவர் பலர் இவ்வறுவையை மேற்கொண்டனர். 1882ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹாரிஸ் என்பார், அதுவரை நிகழ்ந்த சிறுநீரக அறுவைகளுள் நூறனைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டார்.

அத்தொடக்க ஆண்டுகளில் அறுவைக்குப் பின் இறந்தோர் தொகை பெரிது. மறுபக்கச் சிறுநீரகத்தின் நலத்தை ஆராயாமலே கத்தியை எடுத்தோரும் இருந்தனர். சைமனின் வெற்றியைக் கண்டோர் பலர். அவ்வெற்றிக்கு முன் அவர் ஆற்றிய ஆராய்ச்சியைக் கண்டோர் சிலரே. நாளடைவில், அவர் கைக்கொண்ட விழிப்பு எல்லா மருத்துவர்க்கும் விதியாயிற்று, புண்ணைக் காக்கும் முறையும் பரவியது, இறப்பும் குறைந்தது. ஹைடல்பர்க்கில் சைமனுக்குப் பின் பேராசிரியரான செர்னி, 1887ஆம் ஆண்டில், சிறுநீரகத்தை முழுதும் எடுக்காமல் கட்டியுள்ள பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, மேலும் ஒரு படி முன்னேறினார்.

சைமன் விடை கண்ட வினாவின் பெரும்பயன் ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரு சிறுநீரகங்களும் பழுதுற்று இறக்கும் நிலையிலிருந்த இளைஞர் ஒருவருக்கு, அவருடன் இரட்டையராய்ப் பிறந்த சகோதரர் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை ஈந்தார். அறுவை செய்த ஜோசப் மரே 1990ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஒன்றை ஈந்த சகோதரர், எஞ்சிய ஒன்றுடன் 2010ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். நலமுடைய ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்தாலும் அவர் வாழ்வார் என்னும் உறுதி இன்றேல், இத்தகைய கொடைக்கு இடமே இல்லை. அவ்வுறுதியின் முதற்கல்லை நாட்டியது 1869ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் அறுவையே ஆகும்.

முடிவுரை

ஓர் அறிஞரின் கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிற அறிஞர் தம் கட்டுரைகளில் எத்தனைமுறை மேற்கோளாகக் காட்டினர் என எண்ணி, அவர்தம் பெருமையை அளக்கும் வழக்கம் இக்காலத்தில் உண்டு. அவ்வழக்கம் ஓரளவுக்கே பயன்படும். திட்டமிட்ட சிறுநீரக அறுவையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் இன்றும் சைமனின் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும் நாள்தோறும் உலகெங்கும் சிறுநீரகத்தை எடுத்தும் பொருத்தியும் உயிர்காக்கும் மருத்துவர், ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொல்வதில்லை. ஒரு சிறுநீரகமே போதும் என்பது எல்லாரும் அறிந்த செய்தியாகிவிட்டது. ஆற்றுநீரை அள்ளிப் பருகுவோர் ஊற்றின் பெயரைக் கேட்பதில்லை. கண்டவர் பெயரையும் கூற வேண்டாதவாறு ஓர் உண்மை உலகோர் அனைவர்க்கும் உரியதாய்விடுமாயின், அறிஞர் ஒருவர்க்கு அதனினும் உயர்ந்த மேற்கோள் வேறொன்றில்லை.

வினாவைக் கண்டு ஒதுங்காமை, விடை காணுமுன் விரையாமை, கண்டதனை மறைக்காமை என்னும் இம்மூன்றும் குஸ்தாவ் சைமன் விட்டுச்சென்ற செல்வங்கள். கல்வி கற்போர் எத்துறையிற் புகுந்தாலும் இச்செல்வங்களைப் போற்றிக் கைக்கொள்வாராயின், அவர்தம் உழைப்பும் ஒருநாள் பிறர் துயர் தீர்க்கும் அறிவாய் மலரும்.